சோப்பு உறையை வாசிப்போம்
(திருப்புலிவனம் குழுக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா, "குளிக்கிற சோப்புல எதுக்குங்க 'டாய்லெட் சோப்'னு போட்டிருக்கான்? கக்கூஸ் கழுவுறதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் எங்களுக்கும் உடனே பதில் தெரியவில்லை, அதுதான் உண்மை. தேடிப் பார்த்தோம். 'டாய்லெட்' பிரெஞ்சிலிருந்து வந்த சொல். முதலில் சின்னத் துணி என்று அர்த்தம். பிறகு முகம் கழுவி, தலைவாரி அலங்கரித்துக்கொள்வதற்குப் பேராச்சு. கழிப்பறை என்ற அர்த்தம் பின்னால் வந்தது. ஆக, டாய்லெட் சோப் குளியல் சோப்புதான்.

அதன் உறையில் 'டி.எஃப்.எம்.' என்று மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். சோப்பிலுள்ள கொழுப்புப் பொருளின் அளவு அது. 76 சதவீதமும் அதற்கு மேலும் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். 'பாத்திங் பார்' என்றால் 40 இருந்தாலே போதும். விலை ஒன்றாக இருந்தால் எதை வாங்குவது? நீங்களே சொல்லுங்க.

'டாய்லெட் கிளீனர்' வேறு. அதுதான் கழிப்பறைக்கு. பெரும்பாலும் ஆசிட். நல்லா வெளுக்கட்டும் என்று அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் விஷவாயு கிளம்பும். கதவு மூடிய சின்ன அறையில் மூச்சுத் திணறும், உயிருக்கே ஆபத்து. ஒன்றைப் போட்ட அன்று மற்றதைத் தொடவே வேண்டாம்.

'வாஷிங் சோடா' துணிக்கு. 'பேக்கிங் சோடா' ஆப்ப மாவுக்கு. இரண்டும் வெள்ளைத் தூள். சோப்புத்தூள் தயாரிக்கிற குழுக்காரங்க வாஷிங் சோடாவை அடுப்படியில் வைக்காதீங்க. டப்பா மேல் தமிழில் பெயர் எழுதி ஒட்டுங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டிலுள்ள உறைகளைக் கொண்டு வாங்க, சேர்ந்து படிப்போம்.