திசைவிரதமும் நாடுகளின் எல்லையும்



மதுரைக்கு அணித்தான மாங்குளம் குன்றில் துறவியர்க்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்தோருள் வெள்ளறை நிகமத்து வணிகரும் உளர். அத்தகைய இல்லறத்தார்க்கு உரிய விரதங்களுள் ஒன்று திசைவிரதம். இன்ன எல்லையைக் கடவேன் என்று உறுதி கொண்டவனால் அதற்கு அப்பாலுள்ள உயிர்கட்குத் தீங்கு நேராது.

நாடுகளும் இங்ஙனம் வரம்பு கொள்ளக்கூடும். 1967-இல் இலத்தீன் அமெரிக்க நாடுகள் திலாதெலோல்கோ உடன்படிக்கையால் தம் நிலப்பரப்பினின்றும் அணுவாயுதத்தை விலக்கின.

தென்னாசியாவில் அது கைகூடவில்லை. 1971 டிசம்பர் 16 அன்று, இலங்கையின் முயற்சியால், ஐ.நா. பொதுப்பேரவை இந்துமாக்கடலை அமைதி மண்டலமாக அறிவித்தது. ஆதரித்தவை 61 நாடுகள், எதிர்த்தது எதுவுமில்லை, 55 நாடுகள் ஒதுங்கி நின்றன. வல்லரசுகளின் போர்க்கப்பல்களோ அகலவில்லை.

1974-இல் பொக்ரான் சோதனைக்குப்பின், தென்னாசியாவை அணுவாயுதமற்ற மண்டலமாக்கப் பாகிஸ்தான் முன்மொழிந்தது. அணுவாயுதமுடைய சீனம் அருகிருக்கத் தென்னாசியாவை மட்டும் வரையறுத்தல் தகாதென இந்தியா மறுத்தது. அம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் 1998 மே மாதத்தில் இருநாடுகளும் சோதனை நிகழ்த்தியபின் இருபுறத்தும் அச்சம் அகன்றதில்லை.

எஞ்சியது ஒரு சிற்றுறுதி. ஒருவர் அணுநிலையத்தை மற்றவர் தாக்கலாகாது என்று 1988 டிசம்பர் 31 அன்று இருநாடுகளும் கையெழுத்திட்டன. 1992 முதல் ஆண்டுதோறும் சனவரி முதல் நாளில் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போருக்குப் பின்னும் அவ்வழக்கம் அறவில்லை. மதுரைக்குத் தெற்கே கூடங்குளத்து அணுமின் நிலையத்திற்கும் அவ்வுறுதி பொருந்தும்.

அணுவிரதம் சிறிதே, மாவிரதத்திற்கு முதற்படியும் அதுவே. அப்படியினின்று இருநாடுகளும் இறங்காதிருத்தல் வேண்டும். அடுத்த படியில் ஏறுதலும் வேண்டும்.