பெயரிழந்த செல்லம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



திங்கள்தோறும் கூடிப் பத்தாண்டுகள் கவிதை வளர்த்த இவ்வட்டத்தின் விழாவில், நான் ஏதேனும் ஓர் இலக்கியத்தின் நயம் உரைப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நானோ இன்று ஒரு தெருச் சந்தையைப் பற்றிப் பேச விழைகின்றேன்.

2023ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டனில் வாழும் என் தங்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை அவள் என்னைப் போர்ட்டோபெல்லோ சாலைக்கு அழைத்துச் சென்றாள். நாட்டிங் ஹில் பகுதியிலுள்ள அச்சாலையின் பெயரே ஒரு பழம்பொருள்தான். 1739இல் ஆங்கிலேயக் கடற்படை, இன்றைய பனாமா நாட்டிலுள்ள புவெர்ட்டோ பெல்லோ துறைமுகத்தைக் கைப்பற்றியது. அவ்வெற்றியின் நினைவாக இலண்டனில் ஒரு பண்ணைக்கு அப்பெயரை இட்டனர். பண்ணைக்குச் சென்ற வழி பின்னர்ச் சாலையாயிற்று. பண்ணை மறைந்தது, பெயர் நிலைத்தது.

மதுரைக்காஞ்சி காட்டும் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பல்லாண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகின்றேன். அங்காடியின் ஆரவாரம் என்பது எத்தகையது என்று அன்றுதான் செவியாரக் கேட்டேன். சாலையின் தென்பகுதியில் பழம்பொருள் கடைகள். நடுவே காய்கனிக் கடைகள். அவற்றைக் கடந்தால் 1970இல் திறக்கப்பெற்ற வெஸ்ட்வே மேம்பாலத்தின் அடியில் ஆடைக் கடைகள். தோளோடு தோள் உரசியே நடக்க வேண்டியிருந்தது.

வெள்ளிப் பொருள் விற்கும் முதியவர் ஒருவர், தேநீர்க் கரண்டியொன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துக் காட்டினார். பழைய ஆங்கில வெள்ளியில் சிறு முத்திரைகள் இருக்கும். நடக்கும் சிங்கம் வெள்ளியின் தரத்தைச் சொல்லும். சிறுத்தைத் தலை இலண்டனில் சோதிக்கப்பெற்றதைச் சொல்லும். ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். வேறு எழுத்துகள் செய்தவரைச் சொல்லும். ஒரு கரண்டிக்குள் அதன் வரலாறே பொறிக்கப்பெற்றிருந்தது.

அவர் மேசையின் ஓரத்தில் பித்தளைப் பெட்டியொன்று இருந்தது. 'இந்திய நகைப்பெட்டி' என ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு அதில் தொங்கியது. மூடியைத் திறந்தேன். உள்ளே தடுப்புகள், ஒரு மூலையில் காய்ந்து இறுகிய சுண்ணாம்பு. அன்பர்களே, அது வெற்றிலைச் செல்லம்! என் பாட்டியின் மடியருகே எந்நேரமும் இருந்ததைப் போன்ற செல்லம்.

பாட்டியின் செல்லம் இன்று எங்கே? 2006இல் நாங்கள் வீடு மாறியபோது அதனைப் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டு, எவர்சில்வர் தூக்கு ஒன்று வாங்கி வந்தோம். போட்டவள், தமிழில் ஆய்வுப்பட்டம் பெறப் பயின்றுகொண்டிருந்த நானேதான். பித்தளைக்கு முத்திரை இல்லை. அதன் முத்திரை நம் வாயிலிருந்த பெயர் ஒன்றே. அப்பெயரையும் சேர்த்தே எடைக்குப் போட்டிருக்கின்றேன்.

முதியவரிடம் அதன் பெயரையும் பயனையும் சொன்னேன். 'செல்லம்' என்பது குழந்தையைக் கொஞ்சும் சொல்லுமாகும் என்றேன். அவர் மும்முறை சொல்லிப் பார்த்துச் சீட்டின் பின்புறம் குறித்துக்கொண்டார். விலை எனக்கு எட்டவில்லை. பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மேம்பாலத்தின் அடியில் வேறொரு காட்சி. எவரோ உடுத்துக் கழித்த மேலங்கிகளை இளைஞர்கள் அணிந்து பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தனர். 1960களில் இச்சாலையில் பழைய படைச் சீருடைகளை விற்ற கடையொன்றை இசைக்கலைஞர்கள் நாடி வந்தனர். போர்க்களத்து உடை புதுப்பாணி ஆயிற்று. மேசைமேல் இருந்த செல்லம் காட்சிப்பொருள். உடல்மேல் ஏறிய அங்கியோ மீண்டும் உயிர்பெற்றது.

சொல்லும் அத்தகையதே என்று எண்ணுகின்றேன். அகராதியில் இருப்பது அதற்குப் போதாது. ஒருவர் அதனை எடுத்து ஆளவேண்டும். ஆதலின் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில், ஒவ்வொரு கூட்டத்திற்கும் உங்கள் இல்லத்திலிருந்து மறைந்த ஒரு பொருளின் பெயரைக் கொணருங்கள். அதனைக் கவிதையில் ஆளுங்கள். அடுத்த திங்கள், கவிஞரல்லாத நானும் என் பாட்டியின் செல்லத்தோடு வருவேன்.