‘உங்க ஆளுகளுக்குப் பிள்ளை சிறுசாத்தான் பிறக்கும்’



‘பிறப்பு’ நமக்குப் பழகிய சொல். பிறப்பால் தாழ்ந்தவன் என்று சொல்லித்தானே நம்மை ஊருக்கு வெளியே வைத்தார்கள். இப்போது மருத்துவமும் பிறப்பைப் பற்றிப் பேசுகிறது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் பிள்ளைக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோயும் இதய நோயும் வர வாய்ப்பு அதிகம் என்கிறது.

என் அக்கா மகள் பிறந்தபோது எடை 2 கிலோ 100 கிராம். எடை போட்ட செவிலியர், “உங்க ஆளுகளுக்குப் பிள்ளை சிறுசாத்தான் பிறக்கும்” என்றார். திட்டவில்லை. மழை வரும்போல இருக்கு என்பதுபோலச் சொன்னார்.

அக்கா ஏழாம் மாதம்வரை ஏலத்தோட்டத்துக்குப் போனவர். கம்பம், கூடலூர், தேவாரம், போடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் சோறு பொங்கித் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, ஆள் திணித்த ஜீப்பில் கம்பம்மெட்டோ போடிமெட்டோ ஏறி, பகலெல்லாம் குனிந்து காய் எடுத்து, இருட்டும்போது இறங்குவது. வளைவில் வாந்தி வருமென்று வெறும் வயிற்றோடு ஏறுவார். மருந்தடித்த செடிகளுக்கு நடுவில்தான் மதியச் சோறு. இதில் எங்கே இருக்கிறது வம்சம்?

இங்கிலாந்தில் ஹெர்ட்போர்ட்ஷயர் மாவட்டத்துச் செவிலியர்கள் 1911 முதல் குழந்தைகளின் எடையை நோட்டில் எழுதி வைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் அந்த நோட்டுகளைத் தேடியெடுத்து, அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். எடை குறைந்திருந்த ஆண்களில் இதய நோயால் இறந்தவர்கள் அதிகம். 1989இல் வெளியிட்டார். அவர்கள் வெள்ளைக்காரர்கள் தோழர்களே, எந்தச் சேரியிலும் பிறந்தவர்கள் அல்லர்.

கருவுக்குச் சத்துப் போதாவிட்டால் உடல் மூளையைக் காப்பாற்ற முந்துகிறது. சிறுநீரகமும் கணையமும் விட்டுக்கொடுக்கின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பிறப்பதற்கு முன்பே உருவாகி முடிந்துவிடும், பிறகு கூடாது. புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் பார்த்த பிள்ளைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5. ஒல்லியாகத் தெரிந்த நம் பிள்ளைகளிடம் தசை குறைவாகவும், எடைக்குக் கொழுப்பு அதிகமாகவும் இருந்தது. இதெல்லாம் வாய்ப்புக் கணக்கு, தலையெழுத்து அல்ல.

ஜீப்பில் எல்லாச் சாதி ஏழைகளும் ஏறுகிறார்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் நிலமுள்ள வீட்டுக் கர்ப்பிணி ஏறுவதில்லை. பள்ளத்தாக்கின் வயலும் திராட்சைப் பந்தலும் யார் கையில் என்று உங்களுக்கே தெரியும்.

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். பெண்ணின் உழைப்பில் ஆதாயம் பார்க்கும் முதலாளியும் அந்தச் செலவில் பங்கேற்க வேண்டும் என்றார். 2017இல் பேறுகால விடுப்பு 26 வாரமானது. அது பதிவேட்டில் பெயருள்ள பெண்ணுக்கு. அன்றாடம் மாநில எல்லை தாண்டும் கூலிப் பெண்ணை எந்த முதலாளியின் பதிவேட்டில் தேடுவது? தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உண்டு. நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது தவணையில் வருகிறது, ஒரு பகுதி சத்துப் பொருளாக. அரிசிக்கடைக்காரர் தவணைக்குக் காத்திருப்பதில்லை. அதனால்தான் ஏழாம் மாதத்திலும் ஜீப்.

ஒரு வேலை இருக்கிறது. நம் வீடுகளில் தாய் சேய் அட்டை இருக்கும், பிறந்த எடை அதில் இருக்கும். தெருத்தெருவாக அதை எழுதுவோம். பக்கத்தில், தாய் எத்தனையாவது மாதம்வரை மலையேறினார் என்றும் எழுதுவோம். அடுத்த கிராமசபையில் அந்த நோட்டோடு போய் உட்காருவோம். முதல் வரியில் என் அக்காவின் பெயரை எழுதிவிட்டேன்.