பள்ளி விடுமுறைக்கு நீண்ட விடுப்பு: கேட்பதில் என்ன தயக்கம்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)



நவம்பர் மாதம் நடுவில் வந்துவிட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வேலைக்குப் போகும் பெற்றோருக்குத் திண்டாட்டம். இது நம் சிங்கப்பூரில் வீட்டுக்கு வீடு உள்ள கதை. முதலில் ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம்.

நம் பள்ளிகளுக்கு மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம் விடுமுறை. மொத்தம் 12 வாரம். வாரத்துக்கு 5 நாள் என்று வைத்தால் 60 வேலை நாள். நமக்கு எவ்வளவு விடுப்பு? வேலை நியமனச் சட்டப்படி முதல் ஆண்டில் குறைந்தது 7 நாள். பிறகு ஆண்டுக்கு ஒரு நாள் கூடி, எட்டாம் ஆண்டில் 14 நாள். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற 7 முதல் 12 வயதுப் பிள்ளை இருந்தால், தாய்க்கு 2 நாளும் தந்தைக்கு 2 நாளும் கூடுதலாகப் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. எட்டு ஆண்டு வேலை பார்த்த கணவனும் மனைவியும் ஒருநாள்கூடச் சேர்ந்து எடுக்காமல் மாற்றி மாற்றி எடுத்தாலும் 32 நாள்தான் தேறும். மீதி நாள்களுக்கு என்ன செய்வது?

தாத்தா பாட்டி பக்கத்தில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைத்தவர்களும் சமாளித்துக்கொள்வார்கள். இரண்டும் இல்லாதவர்கள்?

நானும் அப்படி இருந்தவள்தான். என் மகன் தொடக்கநிலை மூன்றில் படித்த ஆண்டு. டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரம் சம்பளமில்லா விடுப்பு வேண்டும் என்று நவம்பர் முதல் வாரத்தில் போய் நின்றேன். மேலாளர் முடியாது என்றார். "அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை" என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அதுவும் பலிக்கவில்லை. மகனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். மணிக்கொரு தரம் தொலைபேசியில் கூப்பிடுவேன். ஒருநாள் மூன்று தரம் அழைத்தும் எடுக்கவில்லை. டாக்சி பிடித்து ஓடினேன். கதவைத் திறந்தால், பிள்ளை சோபாவில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறான்! அவன் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுதேன். மறுநாள் வேலையை விடுகிறேன் என்று கடிதம் எழுதிக்கொண்டு போனேன்.

கடிதத்தைப் படித்த மேலாளர் கேட்ட ஒரு கேள்வியை நான் இன்றும் மறக்கவில்லை. "இதை ஏன் நீங்கள் ஆகஸ்டில் கேட்கவில்லை?" என்றார். நவம்பரில் மற்றவர்களின் விடுப்பெல்லாம் முடிவாகிவிட்டது; ஆண்டிறுதிக் கணக்கு வேலையும் தலைக்கு மேல். இரண்டு பிள்ளைகளின் தாயான அவருக்கு என் கஷ்டம் புரியாமல் இல்லை. ஆள்தான் இல்லை. பள்ளி விடுமுறைத் தேதிகள் முந்தைய ஆண்டிலேயே வெளிவந்துவிடுகின்றன. தெரிந்தும் கடைசி நேரத்தில் போய் நின்றது என் தவறு.

அன்று நான் கற்ற பாடங்களைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

முதலாவது, சட்டத்தைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். சம்பளமில்லா விடுப்பு நம் உரிமை அல்ல. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் கிடைக்கும். மறுத்த பிறகும் கோபத்தில் வராமல் இருந்துவிடாதீர்கள். அனுமதியோ தக்க காரணமோ இல்லாமல் தொடர்ந்து 2 வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். பொய் எம்.சி. வேண்டவே வேண்டாம். ஒருமுறை நம்பிக்கை போனால் அடுத்த முறை உண்மையான காய்ச்சலையும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது, விண்ணப்பத்தோடு ஒரு திட்டத்தையும் கொண்டு போங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அந்த நாள்களில் என் வேலையை யார் பார்ப்பார், போகுமுன் எதை முடித்துக் கொடுப்பேன் என்று எழுத்தில் கொடுங்கள். சக ஊழியர்களையும் நினையுங்கள். தீபாவளிக்கு நமக்காக நின்றவர்களுக்காகச் சீனப் புத்தாண்டில் நாம் நிற்கிறோம் அல்லவா? அதே கொடுக்கல் வாங்கல் டிசம்பருக்கும் பொருந்தும்.

மூன்றாவது, முழு விடுப்பு கிடைக்காவிட்டால் வேறு வழி கேளுங்கள். காலையில் சீக்கிரம் வந்து சீக்கிரம் போவது, சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்வது, சில வாரம் பகுதிநேரமாக வேலை பார்ப்பது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த முத்தரப்பு வழிகாட்டு நெறிகளின்படி, தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் இத்தகைய நீக்குப்போக்கான ஏற்பாட்டை முறைப்படி கேட்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். மறுத்தால் தொழில் சார்ந்த காரணம் சொல்லவேண்டும். "இங்கே அப்படி வழக்கமில்லை" என்பது காரணம் ஆகாது. முடிவு அவர் கையில்தான். ஆனால் காது கொடுத்துக் கேட்கவேண்டிய கடமை உண்டு. அந்த இரண்டு மாதத்தை எண்ணிப் பாருங்கள். ஆகஸ்டில் கேட்டால்தான் நவம்பருக்குள் பதில் வரும்.

நான்காவது, வீட்டுக் கணக்கு. சம்பளம் இல்லாத மாதத்தில் மத்திய சேமநிதிச் சந்தாவும் இல்லை. வீட்டுக் கடனைச் சேமநிதியிலிருந்து கட்டுபவர்கள், கணக்கில் போதிய பணம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. வேலையை விடுகிறேன் என்று நான் கடிதம் எழுதிய அந்த இரவில், என் கணவர் அவருடைய மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. பிள்ளை என்றால் தாய்தான் விடுப்பு எடுக்கவேண்டும், முடியாவிட்டால் தாய்தான் வேலையை விடவேண்டும் என்று மனத்தில் ஊறிப்போயிருக்கிறது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இருவரும் கேட்டோம். எனக்கு இரண்டு வாரமும் அவருக்கு ஒரு வாரமும் கிடைத்தன. இருந்த ஆண்டு விடுப்பையும் சேர்த்து ஆறு வாரத்தை ஓட்டிவிட்டோம். அவர் வீட்டிலிருந்த வாரத்தில் மகனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். என் கடிதத்தை மேலாளர் அன்றே திருப்பித் தந்துவிட்டார். இன்னமும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறேன்.

முதலாளிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்று வார விடுப்பு கொடுக்க மனமில்லாமல், பத்தாண்டு அனுபவமுள்ள ஊழியரை இழந்துவிடாதீர்கள். புதியவரைத் தேடிப் பிடித்துப் பழக்க மூன்று வாரம் போதாது.

பெற்றோர்களே, கேட்பது பிச்சை அல்ல. முன்கூட்டியே கேளுங்கள், உண்மையைச் சொல்லிக் கேளுங்கள், இருவரும் கேளுங்கள். வேலையை விடும் முடிவை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.