தண்ணீருக்கு முன் தரை

(கோடைகால நீச்சல் பயிற்சிக்கான பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஏரி, கிணறு, கல்குவாரி என்று குளிக்கப் போன பிள்ளைகளின் மரணச் செய்தி வருகிறது. அன்றைக்கு வருந்துகிறோம், மறுநாள் மறந்துவிடுகிறோம். அதனால்தான் சென்ற ஆண்டு பள்ளி வளாகத்தில், தரைக்கு மேல் நிறுத்தும் நீச்சல் தொட்டி ஒன்றை வாங்கி வைத்தோம். சுற்றிலும் மறைப்புக் கட்டியதால், ஏரிக்கு அனுப்ப முடியாத பெண் பிள்ளைகளும் ஒரு பயிற்சி ஆசிரியையிடம் நீச்சல் கற்கத் தொடங்கினார்கள்.

பத்தே நாள். ஒரு விடியற்காலையில் தொட்டி சாய்ந்து கிழிந்தது. பக்கத்து வீட்டு அடுப்படிவரை தண்ணீர் புகுந்தது. உள்ளே பிள்ளைகள் யாரும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்த வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டு, நஷ்டத்தையும் கொடுத்தோம். தொட்டி மட்டமான சரக்கு என்று சிலர் சொன்னார்கள். இல்லை, தவறு நம்முடையது. தரையில் பள்ளமாக இருந்த பக்கத்தில் மண்ணைக் கொட்டி, அதன்மேல் தொட்டியை நிறுத்திவிட்டோம். கோடை மழை பெய்ததும் அந்த மண் இறங்கிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். 15 அடி விட்டமுள்ள தொட்டியில் 3 அடி தண்ணீர் என்றால் சுமார் 15,000 லிட்டர், அதாவது 15 டன். ஒவ்வொரு சதுர அடித் தரையும் 85 கிலோ தாங்க வேண்டும். ஒரு பக்கம் இறங்கினால் அந்தப் பக்கம் நீரின் ஆழம் கூடி, சுவரை வெளியே தள்ளும். மொட்டை மாடியில் வைக்கலாமே என்று கேட்டவர்களும் உண்டு. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்றே பாரம் கணக்கிடுவது வழக்கம். இந்தத் தண்ணீரோ சதுர மீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டும். அது வேண்டவே வேண்டாம்.

இந்த ஆண்டு பள்ளத்தை நிரப்பவில்லை. மேட்டை வெட்டி இறக்கினோம். தொட்டியைவிடச் சுற்றிலும் 2 அடி கூடுதலாக விட்டு, புல், வேர், கல் எல்லாவற்றையும் நீக்கி, தண்ணீர் தெளித்துத் தரையை இடித்து இறுக்கினோம். கொத்தனார் டியூபில் நீர் நிரப்பி மட்டம் பார்த்தார். எதிரெதிர் ஓரங்களுக்கு இடையே அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை. கால்கள் நிற்கும் இடங்களில் சிமெண்ட் பலகைக் கற்களைத் தரையோடு தரையாகப் பதித்தோம். நடுவில் 2 அங்குலம் சலித்த மணல் பரப்பி, அதன்மேல் தார்ப்பாய் விரித்தோம்.

அடுத்தது வடிகால். மழைநீர் அடியில் புகுந்தால் மணலை அரித்துவிடும். ஆகவே இறுக்கிய தரைக்கு வெளியே ஒரு வாய்க்கால் வெட்டி, ஜல்லி நிரப்பி, தோட்டத்துப் பக்கம் சரிவு கொடுத்திருக்கிறோம். தொட்டி நிற்கும் தரையில் சரிவு கூடாது. சரிவெல்லாம் அதற்கு வெளியேதான். பிள்ளைகள் சிதறடிக்கும் தண்ணீரும் அதிலேயே ஓடிவிடும். தேங்கினால் கொசுவுக்குத்தான் கொண்டாட்டம். தொட்டியைக் காலி செய்யும்போது, குளோரின் போடுவதை நிறுத்திச் சில நாள் வெயிலில் விட்டு, பிறகு குழாய் வைத்து மெதுவாகத் தென்னைகளுக்குப் பாய்ச்சுவோம். கிணற்றோரத்திலோ அடுத்த வீட்டுச் சுவரோரத்திலோ விடமாட்டோம்.

முதலில் ஓர் அங்குலம் மட்டும் நிரப்பினோம். தண்ணீர் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியதைப் பார்த்த பிறகே மீதியை விட்டோம். பிள்ளைகளை இறக்காமல் ஏழு நாள் வைத்திருந்து, விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை நான்கு பக்கமும் தினமும் அளந்தோம். பக்கங்களுக்கு இடையேயான வித்தியாசம் மாறவில்லை.

சென்ற ஆண்டு நடந்ததற்குப் பிறகு பல பெற்றோர் பெண் பிள்ளைகளை நிறுத்திவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டோம். நீங்கள் தந்த பணம் அமானிதம், பிள்ளைகளின் உயிர் அதைவிடப் பெரிய அமானிதம். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் தொட்டிப் பக்கம் வாருங்கள். அளவுகோல் அங்கே இருக்கிறது. நீங்களே அளந்து பாருங்கள். மனம் ஒப்பினால் மட்டும் பெயர் கொடுங்கள்.