மோதிரத்தின் நடுவே ஒரு விண்மீன்

(ஆகஸ்டில் மொட்டை மாடியில் நடந்த வான்நோக்கு நிகழ்ச்சியில் பேசியது)

மாடி விளக்குகளை அணைக்கச் சம்மதித்த சங்கச் செயலாளருக்கு முதல் நன்றி. திருட்டு பயம் என்று சிலர் தயங்கியதும் நியாயம்தான். ஒன்பதரைக்கு மறுபடியும் போட்டுவிடுவோம். கைபேசிகளைப் பையில் வையுங்கள். இருட்டுக்குக் கண் பழக 20 நிமிடமாவது வேண்டும்.

வடக்கே உயரத்தில் பளிச்சென்று தெரிவது வேகா. நம் மரபில் அபிஜித். அதற்குச் சற்று மேலே மங்கலாக இரண்டு விண்மீன்கள். அவற்றுக்கு இடையில்தான் மோதிர நெபுலா இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. தொலைநோக்கியில் ஊதிவிட்ட புகைவளையம் மாதிரி, சாம்பல் நிறத்தில் தெரியும்.

2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த வண்ணப் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். இவ்வளவு மங்கிய ஒளியில் நம் கண் நிறம் காணாது. ஆனால் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி நேராக உங்கள் கண்ணில் விழுகிறதே, அது எந்தப் படத்திலும் கிடைக்காது.

சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் வயதாகி, வீங்கி, தன் வெளி அடுக்குகளை உதிர்த்துவிட்டது. அந்த வாயுதான் வளையம். மிஞ்சிய உட்கரு நடுவில் சிறு புள்ளியாக, ஒரு லட்சம் டிகிரிக்கும் மேல் சூடாக இருக்கிறது. அதன் புற ஊதாக் கதிர்தான் வாயுவை ஒளிரச் செய்கிறது. நம் பழைய ட்யூப்லைட்டில் உள்பூச்சை ஒளிர வைப்பதும் புற ஊதாக் கதிர்தான்.

வளையத்தை 1779-லேயே கண்டுவிட்டார்கள். நடு விண்மீனை 1886-இல் ஹங்கேரியின் கோத்தார்ட் படம் பிடித்தார். அன்றைய ஒளிப்படத் தகடுகள் நீல ஒளியை நன்றாகப் பதியும். அந்த விண்மீனும் நீலம். கண்ணுக்கு எட்டாதது தகட்டுக்கு எட்டியது.

போன முறை ஒரு பையன், "நடுவுல ஒண்ணுமே இல்லையே, அங்கிள்" என்றான். சரியாகத்தான் பார்த்திருக்கிறான். நம் சிறிய தொலைநோக்கிக்கு அது அகப்படாது. நம் சூரியனும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் இப்படித்தான் உதிரும். வளையம் சில பத்தாயிரம் ஆண்டுகளில் கலைந்துவிடும். நடுப்புள்ளி மட்டும் மெல்ல ஆறிக்கொண்டே இருக்கும்.

அடுத்த பொதுக்குழுவில் மாடி விளக்குகளுக்குக் கீழ்நோக்கிய மூடி போடலாமா என்று கேட்கப் போகிறேன். மூடி இருந்தால் தரையில் வெளிச்சம் விழும், வானமும் தப்பும்.

வரிசையில் பெரியவர்களை முன்னால் விடுங்கள். தொலைநோக்கியைத் தொட வேண்டாம். நேராக உற்றுப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பாருங்கள். வளையம் அப்போதுதான் தெளிவாகும்.