பழைய காட்சியை அழிக்கலாமா?



முன்பெல்லாம் நாம் கதைகளைத் தாளில் எழுதினோம். பிடிக்காத வரியை அடித்துவிட்டு, அதன் மேலேயே வேறு வரி எழுதினோம். அடித்த கோட்டின் கீழே பழைய வரி தெரிந்துகொண்டே இருந்தது. வேண்டும்போது மீட்டுக்கொள்ள முடிந்தது. இன்று கணினியில் எழுதுகிறோம். பழையதன் மேல் புதியதை எழுதிச் சேமித்து மூடிவிட்டால், பெரும்பாலும் சுவடுகூட மிஞ்சுவதில்லை.

அப்படி நாமும் ஒரு காட்சியை இழந்ததுண்டு. வேலை தேடிப் பட்டணம் போகும் மகளை, தோட்டத்து வீட்டு வாசலில் நின்று தந்தை வழியனுப்புகிறார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. இது போதாது என்று எண்ணி, அவரை நீளமாகப் பேச வைத்து, அதே கோப்பில் சேமித்தோம். ஒரு வாரம் கழித்துப் படித்தபோதுதான், அந்த மௌனமே கதையின் உயிர் என்பது விளங்கியது. திரும்ப எழுதிப் பார்த்தோம். மௌனம் வந்தது, உயிர் வரவில்லை.

இத்தகைய இழப்பைத் தவிர்க்க வழி உண்டா? உண்டு. எழுத்தாளர்களுக்கென்றே உருவான மென்பொருள்கள் சில இருக்கின்றன. 2007ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்கிரிவனர் அவற்றுள் ஒன்று. அதில் ஒவ்வொரு காட்சியையும் தனித்தனி ஏடாக வைத்துக்கொள்ளலாம். மாற்று வடிவங்களைக் காக்க இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, ஸ்னாப்ஷாட். பெயருக்கேற்ப, காட்சி இப்போது இருக்கும் நிலையைப் படம்பிடித்ததுபோல் அது பதித்து வைக்கிறது. அதன்பின் அச்சமின்றித் திருத்தலாம். புதியது சரிவராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். இரண்டையும் ஒப்பிட்டு என்ன மாறியது என்றும் பார்க்கலாம். ஒவ்வொரு பதிவுக்கும் பெயரிடுவது நல்லது. ‘தந்தை பேசாதது’ என்று எழுதிவைத்தால், ஆறு மாதம் கழித்தும் நமக்குப் புரியும். ‘புதியது’, ‘மிகப் புதியது’ என்று எழுதிவைத்தால் நாமே குழம்பிப்போவோம்.

இரண்டாவது, காட்சியை நகலெடுத்து இரண்டு ஏடுகளாக வைப்பது. இரண்டு வடிவங்களையும் சேர்த்தே வளர்த்துப் பார்க்க வேண்டுமானால் இதுவே ஏற்றது. நூலாகத் தொகுக்கும்போது எந்த ஏடு சேர வேண்டும், எது விடுபட வேண்டும் என்பதை ஒரு சிறு குறியிட்டு நாமே முடிவுசெய்யலாம்.

ஆனால் நேயர்களே, காட்சி தனித்து நிற்பதன்று. மூன்றாம் காட்சியில் தந்தை மகளோடு புறப்பட்டுவிட்டால், ஐந்தாம் காட்சியில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க முடியாது! ஆகவே, ஒரு மாற்றத்தால் பாதிக்கப்படும் காட்சிகள் அனைத்தையும் ஒரே பெயரில் பதிந்து வைக்க வேண்டும். மற்றொன்றையும் மறக்கலாகாது. இந்தப் பதிவுகள் கதைக்கோப்பின் உள்ளேயே இருக்கின்றன. அது தொலைந்தால் இவையும் தொலையும். எனவே வேறோர் இடத்திலும் ஒரு படி வைத்திருப்பது அவசியம்.

அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே, 1929இல் வெளிவந்த ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவலின் முடிவைப் பலமுறை மாற்றி எழுதினார். அவருடைய தாள்களில் எஞ்சியிருந்த 47 முடிவுகள் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சேறின. அத்தனையும் எழுதியவர், நாவலுக்கு வைத்தது ஒரே முடிவைத்தான். பல வடிவங்களைக் காக்கக் கருவி உதவும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையதே.

இன்றே நம் கதையில் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். அதன் பழைய வடிவத்தைப் பெயரிட்டுப் பத்திரப்படுத்துவோம். பிறகு துணிந்து மாற்றிப் பார்ப்போம்.